கன்னத்துக்குள் வெயில்

என் அம்மா பேசாமல் இருந்து நான் பார்த்தது வாழ்க்கையில் ஒரே ஒரு காலம்தான். அப்போதுகூட அவள் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை, திறந்துகொண்டுதான் இருந்தாள். சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. தோவாளைப் பக்கத்து எங்கள் ஊர் அப்போது திருவிதாங்கூர்-கொச்சியைச் சேர்ந்தது. அந்தத் தை மாதக் கடைசியிலிருந்து பங்குனி பாதி வரைக்கும் தினமும் காலையில் அரை மணி நேரம் கிணற்றடியில் பலகையைப் போட்டு, ஆவென்று வாயைத் திறந்தபடி அம்மா உட்கார்ந்திருப்பாள். நான் எதிரே குந்தி உட்கார்ந்து, அப்பாவின் சவரக் கண்ணாடியில் வெயிலைப் பிடித்து அவளுடைய இடது கன்னத்துக்குள் அடிப்பேன்.

சிரிப்பவர்கள் சிரிக்கலாம். என் பிள்ளைகளும் சிரித்தார்கள். ஆனால் நாங்கள் மூன்று பேரும் அதை விளையாட்டுக்குச் செய்யவில்லை. அம்மாவின் கன்னத்துக்குள் ஒரு கட்டி இருந்தது. அதைக் கரைத்துவிட வேண்டும் என்றுதான் செய்தோம்.

அம்மாவுக்கு வெற்றிலை இல்லாமல் முடியாது. கூடவே யாழ்ப்பாணம் புகையிலை, விரல் நீளத்துக்கு. இடது கன்னத்தில் அதக்கினால் அதக்கினதுதான். நெல் அவிக்கும்போதும் அங்கே இருக்கும், தூங்கும்போதும் அங்கே இருக்கும். காலையில் எழுந்து கோளாம்பியில் துப்பிவிட்டுப் புதியது போடுவாள். எங்கள் பக்கத்துப் பெண்களில் பாதிப் பேர் அப்படித்தான். இன்றைக்கும் அம்மாவின் முகத்தை நினைத்தால் இடது பக்கம் கொஞ்சம் உப்பிய கன்னத்தோடுதான் ஞாபகத்துக்கு வருகிறது. அதனால் அங்கே உண்மையிலேயே ஒன்று முளைத்தபோது வெளியிலிருந்து பார்த்த யாருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

"வெத்திலை போட்டா எரியுகு மக்களே. உள்ள என்னமோ கெடக்கு, கொஞ்சம் பாரு" என்று ஒரு நாள் என்னிடம்தான் சொன்னாள். எனக்கு அப்போது பதினெட்டு முடிந்திருந்தது. பள்ளிக்கூடப் படிப்பை முடித்துவிட்டு கல்யாணத்துக்கு நிற்கிற பெண்ணாக வீட்டில் சும்மா இருந்தேன். கரண்டிக் காம்பால் கன்னத்தை விலக்கிப் பார்த்தேன். புளியங்கொட்டை அளவுக்கு, ஓரம் வெளுத்து, நடுவே சிவந்து ஒன்று இருந்தது.

புற்று என்ற சொல்லை வீட்டில் யாரும் சொல்லவில்லை. மேற்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் இந்த மாதிரிக் கட்டிகளுக்கு ரேடியம் வைக்கிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். அங்கே போய்விட்டு வந்த ஒருவர் பக்கத்து ஊரில் இருந்தார். அவருக்கு ஒரு பக்கக் கன்னம் உள்ளே போய், தண்ணீர் குடித்தால் ஓரத்தில் வழியும். அவர் முற்றவிட்டுப் போனவர் என்பதையும், அதற்குப் பிறகும் பல வருஷம் நன்றாக வயல் பார்த்தார் என்பதையும் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. வழிகிற தண்ணீரைப் பற்றித்தான் பேச்சு.

அப்பா இரண்டு நாள் யோசித்தார். அவர் எதையும் தானே யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும் என்று நினைக்கிற மனிதர். வரப்பில் நண்டு ஓட்டை அடைப்பதற்குக்கூடத் தனக்கென்று ஒரு முறை வைத்திருந்தார். மூன்றாம் நாள் காலையில் என்னைக் கூப்பிட்டார்.

"ரேடியம்ணா என்னா? ஒரு வெளிச்சம். கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். அதைக் கட்டியில காட்டுகான், கட்டி கருகிப் போகு. பேப்பர்ல போட்டிருந்தான். நம்மகிட்ட வெளிச்சத்துக்கா பஞ்சம்?" என்றார்.

இதை வெறும் கிறுக்கு என்று என்னால் தள்ள முடியாததற்கு ஒரு காரணம் இருந்தது. அதற்கு ஆறு வருஷம் முன்னால் அம்மாவின் கணுக்காலில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைப் பாண்டு வந்தது. தோல் நிறம் போய் வெள்ளையாகிவிடுகிற அதே வியாதிதான். கிழக்கேயிருந்து ஒரு வைத்தியர் வந்து பார்த்தார். கார்போகரிசி என்ற விதையைக் கோமியத்தில் ஊறவைத்து அரைத்துப் பூசச் சொன்னார். பூசிவிட்டு அந்தக் காலை வெயிலில் நீட்டிக்கொண்டு உட்கார வேண்டும். "மருந்து பாதி, வெயில் பாதி. வெயில் காணாம பூசினா சும்மா சேறு பூசினதுக்குச் சமம்" என்று அவர் சொன்னதை நானே கேட்டேன். முதலில் அந்த இடம் சிவந்து கொப்புளித்தது. பிறகு ஒவ்வொரு மயிர்க்காலைச் சுற்றியும் ஒரு புள்ளியாக நிறம் வந்தது. ஒரு வருஷத்தில் புள்ளிகள் எல்லாம் சேர்ந்து கால் பழைய கால் ஆகிவிட்டது. வெயில் பட்டால்தான் வேலை செய்கிற மருந்து ஒன்று உண்டு என்பதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை, என் அம்மாவின் காலில் பார்த்தேன்.

எனவே அப்பாவின் கணக்கு சுலபமாக இருந்தது. கட்டிக்கும் அதே மருந்து, அதே வெயில். வாய்க்குள் வெயில் போகாது, அதனால் கண்ணாடி. வாய்க்குள் கோமியம் வேண்டாம், அதனால் தேன். அந்த வைத்தியர் இதற்குள் இறந்துபோயிருந்தார். இருந்திருந்தால் அப்பாவைத் திட்டி அனுப்பியிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. வெள்ளைத் தோல் வேறு, கட்டி வேறு என்று எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை.

வெயில் தோவாளை மலையைத் தாண்டி எங்கள் கிணற்றடிக்கு வர எட்டு மணி ஆகும். அதற்குள் பிச்சிப்பூக் கூடைகள் எல்லாம் சந்தைக்குப் போய்விட்டிருக்கும். தெரு காலியாக இருக்கும், வாசம் மட்டும் கொஞ்சம் பாக்கி இருக்கும். கும்பப்பூ அறுவடைக் காலம் என்பதால் அப்பா விடியும் முன்பே களத்துக்குப் போய்விடுவார். வீட்டில் நானும் அம்மாவும்தான். அவள் வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்காருவாள். நான் விரலால் மருந்தை எடுத்துக் கட்டியில் தடவுவேன். பிறகு இடது கையால் அவள் தாடையைப் பிடித்துக்கொண்டு வலது கையால் கண்ணாடியைத் திருப்புவேன். சூரியன் நகர நகர அந்த வெளிச்சமும் நழுவிப் பல்லுக்குப் போகும், மூக்குக்குப் போகும். மறுபடியும் பிடித்துக் கன்னத்துக்குள் கொண்டு வர வேண்டும். ஒரு தடவை நேராகக் கண்ணில் அடித்துவிட்டேன். வாயைத் திறந்தபடியே என் தொடையில் கிள்ளினாள். அந்தக் கிள்ளலில் ஒரு வாரம் தடம் இருந்தது.

அந்த அரை மணி நேரத்தைப் போல ஒன்று எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அம்மா அதட்டுகிற ஆள். நான் ஒரு வாக்கியம் தொடங்கினால் அதை முடிப்பது அவளாகத்தான் இருக்கும். இப்போது அவளால் குறுக்கே பேச முடியாது. நான் பேசினேன். பள்ளிக்கூடத்தில் நடந்தது, பக்கத்து வீட்டு மருமகள் கிணற்றுக்குள் தோண்டியைப் போட்டுவிட்டு யார் மேலோ பழி சொன்னது, எனக்கு யாரைப் பிடிக்காது என்பது, எல்லாம் சொன்னேன். அவள் புருவத்தால் பதில் சொல்லுவாள். எச்சில் வழியும்போது துணியால் துடைத்துவிடுவேன். சிரிப்பு வந்தால் தோள் குலுங்கும், வெளிச்சம் எங்கேயோ ஓடிவிடும். விவரம் தெரிந்த பிறகு நான் அம்மாவை அப்படித் தொட்டதே இல்லை. எங்கள் வீடுகளில் வளர்ந்த பெண்ணும் தாயும் தொட்டுக்கொள்வது தலைவாரும்போது மட்டும்தான், அதிலும் பாதி குட்டு.

ஒரு நாள் தைரியம் வந்து, நாகர்கோவிலுக்குப் போய் வாத்தியார் வேலைக்குப் படிக்க ஆசை என்றும் சொல்லிவிட்டேன். அப்பாவிடம் இரண்டு தடவை கேட்டு இரண்டு தடவையும் முறைப்பு வாங்கியிருந்த விஷயம். அன்றைக்கு வாயைக் கொப்பளித்ததும் அம்மா முதலில் சொன்னது, "செரி, போ. அவ்வோகிட்ட நான் சொல்லுகேன்." அவ்வளவுதான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அப்பா எதற்கும் அத்தாட்சி வேண்டும் என்பவர். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு தென்னை ஈர்க்கை உள்ளே வைத்து, கட்டியின் நீளத்துக்கு நகத்தால் கிள்ளி அவரிடம் கொடுக்க வேண்டும். அவர் அதை வாங்கிப் பஞ்சாங்கத்துக்குள் வரிசையாக வைத்துக்கொள்வார். அளப்பது என் வேலை. முதல் வெள்ளி ஒரு அளவு. இரண்டாம் வெள்ளி அதைவிடக் குட்டை. அது உண்மை. புகையிலையை நிறுத்தியதால் வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்க வேண்டும். அப்பா இரண்டு ஈர்க்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு மீசையைத் தடவிக்கொண்டார்.

மூன்றாம் வெள்ளி நான் ஈர்க்கை வைத்தபோது அது முதல் வாரத்தைவிட நீளமாக இருந்தது. ஓரம் தடித்து, மேல்பக்கம் பூப்பூவாக வெடித்திருந்தது. அம்மா வாயைக் கொப்பளித்துவிட்டு, "சுருங்கிருக்காட்டி?" என்று கேட்டாள்.

"சுருங்கிருக்கும்மா" என்றேன். சொன்ன பிறகு ஈர்க்கையும் அதற்குத் தக்கபடி கிள்ள வேண்டியிருந்தது.

ஏன் சொன்னேன் என்று எழுபது வருஷமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவள் முகத்தைப் பார்த்து வேறு சொல்ல வாய் வரவில்லை என்பது ஒரு காரணம். பெருமையாகச் சொல்லிக்கொள்ளக்கூடிய காரணம் அது. இன்னொன்று, அந்தக் கிணற்றடி முடிந்துவிடக் கூடாது என்று நினைத்தேன். அடுத்த வாரம் தானாகவே சுருங்கிவிடும், அப்போது என் பொய் மெய்யாகிவிடும் என்றும் நினைத்தேன். நாலாம் வெள்ளி கிள்ளினேன். ஐந்தாம் வெள்ளி கிள்ளினேன். ஒவ்வொரு தடவையும் அம்மா கேட்பாள், நானும் சொல்லுவேன். ஆறாவது ஈர்க்கு நெல்மணி அளவுக்கு வந்துவிட்டது. கட்டி அப்போது நெல்லிக்காய் அளவு.

பங்குனி நடுவில் ஒரு காலை அம்மா வாயைத் திறந்தபோது என் ஒரு விரல் மட்டும்தான் உள்ளே போயிற்று. அதற்கு மேல் தாடை இறங்கவில்லை. வெளிச்சம் பல்லில் பட்டுத் திரும்பியது. மருந்தும் வெயிலும் சேர்ந்து அவள் உதட்டையும் மோவாயையும் கறுப்பாக்கிவிட்டிருந்தன. அவள் இன்னும் திறக்கப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. எழுந்து களத்துக்கு ஓடினேன்.

"வாய் தெறக்க முடியல்லப்பா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவணும்" என்றேன்.

"கட்டி சுருங்கும்போது தோலைப் பிடிச்சு இழுக்கும், வேற என்னா" என்று அவர் விளக்கினார். விளக்கம் அவரிடம் எப்போதும் தயாராக இருக்கும். ஈர்க்கு பொய் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கொண்டு போனால்தான் ஆச்சு என்று மட்டும் ஒற்றைக் காலில் நின்றேன். களத்தில் வேலை செய்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள். அதற்காகவே அவர் சரி என்றார்.

மறுநாள் நாகர்கோவிலுக்குப் போய் அங்கிருந்து மேற்கே போகிற பஸ்ஸில் ஏறினோம். அம்மா நாகர்கோவிலைத் தாண்டி மேற்கே போனதே இல்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, வேளிமலையையும் தென்னந்தோப்புகளையும் குளங்களையும் கல்யாணத்துக்குப் போகிறவளைப் போலப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு குளத்தில் தாமரை நிறைந்து கிடந்தது. என் முழங்கையை இடித்துக் காட்டினாள். அப்பாவின் மடியில் பஞ்சாங்கம் இருந்தது.

டாக்டர் எங்கள் பக்கத்து ஆள்தான், வயதானவர், மெதுவாகப் பேசுவார். டார்ச் விளக்கை அடித்துப் பார்த்தார். தாடைக்குக் கீழே கழுத்தில் விரலை வைத்து அழுத்தி அழுத்திப் பார்த்தார். எப்போது தொடங்கியது என்று கேட்டார். அப்பா தை மாதம் என்றார். பிறகு வெயில் வைத்தியத்தை ஆரம்பத்திலிருந்து விவரித்து, பஞ்சாங்கத்தைப் பிரித்து ஆறு ஈர்க்கையும் மேஜையில் வரிசையாக வைத்தார்.

"நல்லா சுருங்கிட்டுதான் வந்துது டாக்டரே. இப்பம் ரெண்டு நாளாத்தான் வாய் பிடிச்சிருக்கு" என்றார்.

டாக்டர் ஈர்க்குகளைப் பார்த்தார், கடைசி ஈர்க்கைக் கையில் எடுத்துக்கொண்டு அம்மாவின் வாயைப் பார்த்தார். "இதை ஆரு அளந்தது?" என்று கேட்டார்.

அப்பா என் பக்கம் திரும்பினார்.

"நாந்தான்" என்றாள் அம்மா. பாதி திறந்த வாயிலிருந்து அது கொழகொழவென்று வந்தது. ஆனால் எல்லோருக்கும் புரிந்தது. "பிள்ளை கண்ணாடிதான் பிடிச்சா. அளவு நாந்தான் எடுத்தேன். வளந்திருக்குண்ணா இங்க கொண்டாந்து கன்னத்தைத் தோண்டிருவாங்கண்ணு பயம். கொறச்சுக் கிள்ளிப் பிள்ளை கையில குடுத்து விட்டேன்."

அப்பா அம்மாவின் பக்கம் திரும்பினார். "இப்பிடிச் செய்துட்டியேட்டி" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஈர்க்குகளைப் பொறுக்கிப் பஞ்சாங்கத்துக்குள் வைக்கப் போனவர், வைக்காமல் ஜன்னல் வழியாக வெளியே போட்டார். கழுத்தில் நெறி கட்டிவிட்டது, ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் அது வந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். என்னால் முடிந்ததைச் செய்கிறேன் என்றும் சொன்னார். அவர் சொன்னபடியே செய்தார்.

ரேடியம் என்பது அப்பா நினைத்த மாதிரி விளக்கு இல்லை. மெல்லிய ஊசிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ரேடியம் கொஞ்சம் அடைத்திருக்கும். மயக்கம் கொடுத்து, கட்டியைச் சுற்றி ஏழு ஊசிகளைக் கன்னத்துக்குள்ளே குத்தி வைத்தார்கள். ஒவ்வொரு ஊசியின் காதிலிருந்தும் ஒரு கறுப்பு நூல் வாயின் ஓரம் வழியாக வெளியே வந்து கன்னத்தில் ஒட்டப்பட்டிருக்கும். நர்ஸ் காலையிலும் மாலையிலும் வந்து நூலை எண்ணுவாள். துப்பிய எச்சிலைக்கூடப் பார்க்காமல் கொட்ட விடமாட்டாள். ஏழு நாள். அந்த ஏழு நாளும் நான் கட்டில் பக்கத்தில் உட்காரக் கூடாது. அந்த வெளிச்சம் சுகமாக இருப்பவர்களுக்கு ஆகாதாம், அதுவும் கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு. கஞ்சித் தண்ணீர்க் கோப்பையை நர்ஸிடம் கொடுத்துவிட்டுக் கதவருகே நிற்பேன். அவள் நூல் தொங்குகிற முகத்தைத் திருப்பி என்னைப் பார்ப்பாள். தொட முடியாது. என் இடது கை எங்கே போவது என்று தெரியாமல் கிடந்தது.

எட்டாம் நாள் ஊசிகளை எடுத்த பிறகு பக்கத்தில் விட்டார்கள். அப்பா மருந்து வாங்கப் போயிருந்தார். இதற்காகவே காத்திருந்தவளைப் போல, "ஏம்மா அப்பிடிச் சொன்னே?" என்று கேட்டேன்.

"பின்ன? அவ்வோ உன்னை விட்டு வைப்பாவளா? படிப்பு கிடிப்பு எல்லாம் அதோட தீந்துது" என்றாள்.

"வளருகுண்ணு உனக்கு எப்பத் தெரியும்?"

"ஏட்டி, நாக்கு பொழுதனைக்கும் அதுகிட்டதானே கெடக்கு. எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா பின்னே எதுக்கு என்கிட்ட வெள்ளிக்கு வெள்ளி கேட்டே?"

"நீ சொல்லுகதைக் கேக்க நல்லா இருந்துது மக்களே" என்றாள். பிறகு தண்ணீர் கேட்டாள்.

கட்டி கரைந்தது. நிஜமாகவே கரைந்தது. அந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தழும்பு மட்டும் இருந்தது. மூன்று வருஷம் அம்மா எங்களோடு இருந்தாள். புகையிலை இல்லாத எரிச்சலில் முன்னைவிட அதிகமாக அதட்டினாள். நான் நாகர்கோவிலில் படிக்கப் போனதும், பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்ததும் அந்த மூன்று வருஷத்தில்தான். முதல் நாள் நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது, சேலை கட்டத் தெரியவில்லை என்று தெருமுனை வரை திட்டிக்கொண்டே வந்தாள். கழுத்து நெறி மறுபடியும் வீங்கியபோது டாக்டர் தலையசைத்துவிட்டார். எங்கள் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்வதற்கு முந்தின வருஷம் அம்மா போய்விட்டாள்.

அப்பா அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் இருந்தார். மனைவியைப் பறிகொடுத்தவர் துக்கத்தை எங்கேயாவது இறக்கிவைக்க வேண்டும். அவர் அதை அம்மாவின் மேலேயே இறக்கி வைத்தார். முதல் தடவை அதைச் சொன்னது அம்மாவின் பதினாறாம் நாள் அடியந்திரச் சாப்பாட்டில். வெளியே ஊருக்குப் பந்தி நடந்துகொண்டிருந்தது. உள்ளே நெருங்கிய சொந்தக்காரர்களுக்கு நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். பெரியவர் ஒருவர், கொஞ்சம் முன்னாலேயே பார்த்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமோ என்று பொதுவாகக் கேட்டார்.

"எங்க காப்பாத்த, மாமா? அவளே அவளுக்கு வெனை வச்சுக்கிட்டா. வளருகதை மறச்சு, சுருங்குகுண்ணு எங்கிட்டப் பொய் சொன்னா. இந்தப் பிள்ளையையும் ஏமாத்திப் போட்டா" என்றார் அப்பா, என்னைக் காட்டி. சொல்லும்போது அவர் குரல் உடைந்தது.

எல்லோரும் என்னை நிமிர்ந்து பார்த்தார்கள், பாவம் என்று. என் கையில் சாம்பார் வாளி இருந்தது. இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். நான் அடுத்த இலைக்குப் போய், "ஊத்தட்டா?" என்று கேட்டேன்.